மோட்டார்ஹோமில் விளக்கு வேலைக்குக் கொடுப்பவர்களே, பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்

என் மேசையில் ஒரு பிளைவுட் துண்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் வெள்ளையாக, பளபளப்பாக இருக்கிறது. மறுபக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குக் கருகல். படுக்கையும் அடுப்பும் கொண்ட பயண வண்டியான எங்கள் மோட்டார்ஹோமின் கூரையில், என் மகள் படுக்கும் மேல் படுக்கைக்கு நேர் மேலே இருந்த பலகையிலிருந்து வெட்டி எடுத்தது இது. கருகிய பக்கம் உட்புறமாக மறைந்திருந்தது. ஆறு வாரம் அதன்கீழ் அவள் தூங்கினாள்.

விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பலன் இது. வண்டியில் பட்டை விளக்கு வைத்திருப்பவர்கள், வைக்கப்போகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். பட்டறையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதேபோல் செய்கிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும்; ஒரு பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

வண்டியின் பழைய குழல்விளக்குகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன. வண்டிகளின் உட்புற வேலைகளையே தொழிலாகச் செய்யும் ஒரு பட்டறையில் விட்டு, கூரை ஓரமாக எல்.இ.டி. பட்டை ஒட்டித் தரச் சொன்னோம். ஐந்து மீட்டர் ஒட்டினார்கள். மீட்டருக்கு 60 விளக்குகள், மீட்டருக்கு 14.4 வாட், மொத்தம் 72 வாட். நிறம் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. பெயர்ப்பலகைக்கும் காட்சி அலமாரிக்கும் பொருந்துகிற விளக்கு அது. எங்கள் கூரையோ கையை உயர்த்தினால் தொடுகிற உயரம். சுற்றிலும் பளபளக்கும் அலமாரிக் கதவுகள். முதல் இரவு புத்தகத்தைத் திறந்தால் தாளைப் பார்க்க முடியவில்லை. மல்லாந்து படுத்தால் நேராகக் கண்ணுக்குள் அடித்தது. என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அரை மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கை எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் கவனித்தோம். எஞ்சின் ஓடும்போது வெளிச்சம் மேலும் ஏறியது. இதைப் பட்டறை உரிமையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே அவர் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அவர் எடுக்கவில்லை.

“புது விளக்கு சார், கண் பழகிவிடும்” என்றார். பழகாது என்றேன். “அப்படியென்றால் டிம்மர் போட்டுவிடுவோம்” என்று வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டார். திரும்பப் பெற்றபோது கதவருகே அழகான வட்டக் குமிழ் ஒன்று இருந்தது. வெளிச்சமும் உண்மையிலேயே குறைந்திருந்தது. ரசீதில் “டிம்மர், பொருத்துக் கூலி” என்று எழுதியிருந்தார்கள். “சரியான அளவில் வைத்திருக்கிறேன். அடிக்கடி திருகாதீர்கள், பட்டையின் ஆயுள் குறைந்துவிடும்” என்றார் உரிமையாளர்.

அன்றிரவு திருகினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகியும் எந்த மாற்றமும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். “வண்டி மின்சாரத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது சார்” என்று பதில் வந்தது. நம்பினேன். வெளிச்சம் தாங்கும்படி இருந்ததால் அதற்குமேல் கேட்கவில்லை. நான் அந்த இடத்தில் விட்டிருக்கக் கூடாது. திருகினால் மாறாத டிம்மர் டிம்மரே இல்லை. இதைப் புரிந்துகொள்ள மின்சாரம் படித்திருக்கத் தேவையில்லை.

ஆறாவது வாரம் நீண்ட பயணம். மாலை மங்கியதும் மகள் பின்னிருக்கையில் படிப்பதற்காக விளக்கைப் போட்டிருந்தோம். மூன்று மணி நேரம் ஓட்டியிருப்பேன். “அப்பா, ஏதோ கருகுகிற வாசனை வருகிறது” என்றாள். ஓரமாக நிறுத்தினேன். அடுப்பு, குளிர்பெட்டி, எஞ்சின் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கூரைப் பலகையில் கை வைத்தேன். உடனே இழுத்துக்கொண்டேன். பேட்டரியின் முதன்மை ஸ்விட்சை அணைத்து, எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பலகையின் திருகுகளைக் கழற்றினேன்.

பலகைக்கும் வெப்பக் காப்பு நுரைக்கும் நடுவே, கறுப்பு டேப் சுற்றிய வெள்ளைக் கட்டி ஒன்று அழுந்திக் கிடந்தது. டேப் உருகி மரத்தோடு ஒட்டியிருந்தது. நுரையில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தக் கட்டி ஒரு பீங்கான் ரெசிஸ்டர்; மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கிற உறுப்பு, தடுத்ததை வெப்பமாக்கிவிடும். 10 வாட், 0.47 ஓம் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. கதவருகே இருந்த குமிழையும் கழற்றினேன். அது வீட்டுச் சுவரில் மின்விசிறிக்கும் குண்டு பல்புக்கும் வைக்கிற டிம்மர். அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பி நேராக இணைத்திருந்தது. மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே போய்க்கொண்டிருந்தது. குமிழுக்குள் எதுவும் போகவில்லை. அது சுவரில் ஓர் அலங்காரம். அதற்குத்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

படகுகளுக்கு மின்வேலை செய்யும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். படகும் மோட்டார்ஹோமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்: பேட்டரி, ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம் (டி.சி.), நெருக்கமான மரம். நடந்ததை அவர் அடுக்கிக் காட்டினார். வீட்டு டிம்மர் மாறுதிசை மின்சாரத்துக்கானது (ஏ.சி.). அதன் உள்ளே இருக்கும் டயாக் என்ற உறுப்பு தூண்டப்படுவதற்குச் சுமார் 30 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் அது விழிக்கவே விழிக்காது. ஆகவே அதைப் போட்டதும் விளக்கு எரியாமல் போயிருக்கும். பொருளை மாற்றுவதற்குப் பதிலாக முனைகளைக் கம்பியால் இணைத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்க யார் கண்ணிலும் படாத இடத்தில் ரெசிஸ்டரைச் செருகியிருக்கிறார்கள். தெரியாமல் செய்த பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன். வேலை செய்யாது என்று தெரிந்தபின், வேலை செய்வதுபோல் காட்டுவதற்காகச் செய்தது இது.

ஆறு வாரம் ஒன்றும் ஆகாமல் அன்று மட்டும் ஏன் கருகியது? நண்பர் விளக்கிய இந்தப் பகுதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. பட்டையில் மூன்று மூன்று விளக்குகளாகத் தொடராக இணைத்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3.1 வோல்ட் எடுத்துக்கொள்ளும்; மூன்றுக்கு 9.3. சரியாக 12 வோல்ட் கொடுத்தால் மிச்சம் 2.7 வோல்ட்தான் மின்னோட்டத்தின் அளவை முடிவு செய்கிறது. ஆனால் ஓடும் வண்டியில் ஏது 12 வோல்ட்? எங்கள் பேட்டரி ஓய்வில் 12.7 காட்டியது. எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது 14.4. அப்போது மிச்சம் 5.1 வோல்ட், ஏறக்குறைய இரு மடங்கு. எஞ்சின் ஓடினால் வெளிச்சம் ஏறுகிறது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஓய்விலேயே 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதால் அவர்கள் பட்டை எப்போதும் கூடுதலாகவே எரியும்.

இப்போது அந்த ரெசிஸ்டரைப் பாருங்கள். நின்ற வண்டியில் அதன் வழியே மூன்றரை ஆம்பியர் ஓடியது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம்: ஆறு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஓடும் வண்டியில் ஐந்து ஆம்பியர். வெப்பம் 11.75 வாட். 10 வாட் என்று எழுதியிருப்பது திறந்த காற்றில் தாங்குவதற்கான அளவு. அப்போதே அதன் மேற்பரப்பு நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். இது காற்றே இல்லாமல் நுரைக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தது. டிம்மர் போட்டபின் அதுவரை ஓட்டும்போது நாங்கள் விளக்கைப் போட்டதே இல்லை. அதனால் தப்பித்திருந்தோம்.

“ஃபியூஸ் இருந்தால் எரிந்து துண்டித்திருக்குமே” என்று கேட்டேன். இல்லை என்றார். ஃபியூஸ் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத்தான் பிடிக்கும். இங்கே மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவு. வெப்பம் ஒரே இடத்தில் குவிந்ததுதான் ஆபத்து. எவ்வளவு நல்ல ஃபியூஸும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். போதாக்குறைக்கு எங்கள் இணைப்பில் ஃபியூஸே இல்லை. ஃபியூஸ் பெட்டிக்கு முன்னாலேயே கம்பியை இழுத்திருந்தார்கள்.

கருகிய துண்டையும் ரெசிஸ்டரையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் அவற்றைக் கையில்கூட வாங்கவில்லை. “இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை சார்” என்றார். குமிழின் முனைகள் இணைத்திருந்த படத்தைக் காட்டினேன். “பையன் செய்திருப்பான்” என்றார். ரசீதில் கையெழுத்து உங்களுடையது அல்லவா என்றதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பலகையைக் கழற்றும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் என் மனைவி படம் எடுத்து வைத்தாள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் என் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை என்றாகியிருக்கும். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் எதையும் அசைப்பதற்கு முன் படம் எடுங்கள்.

இந்த வேலைக்கு உண்மையில் தேவைப்பட்டது மிகக் கொஞ்சம். முதலிலேயே மீட்டருக்கு 4.8 வாட் பட்டையை, மஞ்சள் கலந்த 3000 கெல்வின் நிறத்தில் ஒட்டியிருந்தால் டிம்மர் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஐந்து மீட்டருக்கு 24 வாட், ஒரு வண்டிக்குத் தாராளம். 72 வாட் பட்டை ஐந்து மணி நேரம் முழுதாக எரிந்தால் பேட்டரியில் 30 ஆம்பியர்-மணி காலியாகும் என்பதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒட்டியதைப் பிய்க்க மனமில்லாததால் நண்பர் இருக்கும் பட்டையையே சரிசெய்தார். பேட்டரியின் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் ஒரு மாற்றியை முதலில் வைத்தார். அதன்பின் நேர்மின்சாரத்துக்கான பி.டபிள்யூ.எம். டிம்மர், 10 ஆம்பியர் தாங்குவது. இந்த வகை டிம்மர் மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிறது. எரியும் நேரம் குறையக் குறைய வெளிச்சமும் குறைகிறது. பேட்டரிச் செலவும் சேர்ந்தே குறைகிறது. ரெசிஸ்டரைப்போல் மிச்சத்தைச் சூடாக்கி வீணாக்குவதில்லை.

இதிலும் கவனம் வேண்டும். நான் அவசரத்தில் வாங்கிவந்த முதல் டிம்மரை நண்பர் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கைபேசிக் கேமராவை விளக்கின் பக்கம் பிடித்தபோது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. துண்டிப்பு வேகம் குறைவு என்பதற்கு அது அடையாளம். மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ. 2015இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரையின்படி, முழுதாக எரிந்து முழுதாக அணையும் விளக்குக்கு நொடிக்கு 1250 முறைக்கு மேல் இருந்தால் தீங்கு குறைவு. 3000க்கு மேல் போனால் கவலையே இல்லை. தலைவலிக்காரர் ஒருவர் வண்டியில் இருந்தால் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கேமராவைப் பிடித்துப் பாருங்கள்.

வண்டிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இந்த டிம்மர்களில் பெரும்பாலானவை எதிர்முனை (நெகட்டிவ்) கம்பியைத்தான் துண்டிக்கின்றன. பட்டையின் எதிர்முனையை வண்டியின் உலோக உடலோடு எங்காவது இணைத்திருந்தால், மின்சாரம் டிம்மரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்தப் பகுதி குறையவே குறையாது. எங்கள் வண்டியில் பின்பாதிப் பட்டையை அப்படித்தான் இணைத்திருந்தார்கள். அதற்குத் தனிக் கம்பி இழுக்க அரை நாள் பிடித்தது.

இப்போது பெரும்பாலும் கால் பங்கு வெளிச்சத்தில் வைத்திருக்கிறோம். மகள் தன் மேல் படுக்கைக்குத் திரும்பச் சில நாள் தயங்கினாள். புதுப் பலகையைத் திருகுவதற்கு முன் அவளை ஏற்றி, உள்ளே எதுவும் இல்லை என்று காட்டினேன்.

உங்கள் வண்டியில் வேறொருவர் போட்ட பட்டை விளக்கு இருந்தால், நாளை ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் இருங்கள். பிறகு பட்டை போகும் வழி முழுக்க, மூலைகளிலும் ஸ்விட்ச் பக்கத்திலும் பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டையை ஒட்டி இலேசான வெதுவெதுப்பு இருப்பது இயல்பு. பட்டையே இல்லாத ஓரிடத்தில் சூடு தெரிந்தால், அந்த இடத்தில் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள். பேட்டரியைத் துண்டித்துவிட்டு அன்றைக்கே கழற்றுங்கள்.