டிரம் சொட்டு நீர் செட்: ஒன்றரை மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் தோட்டத்தில் பாதி நேரம் தண்ணீர் சுமப்பதிலேயே போய்விடும். அம்மாவுக்கு ஒரு குடம், எனக்கு இரண்டு வாளி, மகளுக்கு அவளுடைய பூவாளி. அம்மாவின் முழங்கால் இனிமேல் தாங்காது என்று தெரிந்த பிறகுதான் இந்த செட்டை வாங்கினேன். மோட்டார் வேண்டாம், 200 லிட்டர் டிரம்மை உயரத்தில் வைத்தால் போதும்.

மாட்டுவது சுலபம். 16 மி.மீ. குழாயைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு வைத்தால் இளகி, பாத்தியோடு படிந்துவிடும். உயரம்தான் முக்கியம். ஒரு மீட்டருக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.1 பார். முதலில் இரண்டு செங்கல் மேல் வைத்தேன்; கடைசி வரிசைத் தக்காளிக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. ஒரு மீட்டருக்கு மேடை கட்டிய பிறகு சரியாகிவிட்டது. ஆனால் டிரிப்பரில் (தண்ணீரைச் சொட்டவிடும் சின்ன முனை) போட்டிருக்கும் மணிக்கு 4 லிட்டர் இந்த அழுத்தத்தில் வராது. பொறுமையாக விட வேண்டும்.

குறை ஃபில்டர்தான். வலைக்கண் பெரியது. பாசி உள்ளே போய் 10 நாளில் நாலு டிரிப்பர் அடைத்துக்கொண்டன. டிரம் வாயில் பருத்தித் துணி கட்டி, வெளிச்சம் படாமல் கறுப்புத் தார்ப்பாய் சுற்றினேன். நீங்கள் வாங்கினால் நல்ல ஃபில்டர் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். வாரம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து கழுவிவிடுவது மகளின் வேலை. பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அப்புறம், செடியடி மட்டும் நனைவதால் நடுவில் களை குறைந்திருக்கிறது. அம்மா இப்போது மாலையில் கத்தரிப் பாத்தி ஓரம் உட்கார்ந்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி முட்டை தேடுகிறார்.