திஜோனின் குங்குமப்பூ ஜின்

கடுகு வாங்கத்தான் பிரான்சில் உள்ள திஜோனுக்குப் போனேன். திரும்பும்போது பையில் இந்தப் புட்டியும் இருந்தது. காப்ரியேல் பூதியே என்ற மது நிறுவனத்தின் குங்குமப்பூ ஜின், 70 சென்டிலிட்டர், ஆல்கஹால் 40 சதவீதம். 1874 முதல் அந்த ஊரில் இருப்பவர்கள். கருந்திராட்சை போலிருக்கும் காசிஸ் பழத்தில் செய்யும் மதுவுக்குத்தான் அவர்களுக்குப் பெயர்.

முதலில் கண்ணில் படுவது நிறம். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் நல்ல ஆரஞ்சுப் பொன். வாலையில் வடித்த ஜின் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இறங்கும். குங்குமப்பூவின் சாயம் ஆவியோடு ஏறி வராது. நிறம் வேண்டுமானால் வடித்த பிறகுதான் பூவை ஊறவைக்க வேண்டும். பாயசத்துக்கு வெதுவெதுப்பான பாலில் நாலு இழை போட்டுவிட்டுக் காத்திருப்போமே, அதே வேலைதான்.

அந்தப் பால் வாசனையைத் தேடித்தான் முதல் மடக்கைக் குடித்தேன். எதுவும் கலக்காமல், சின்னக் கிளாசில். மூக்குக்கு முதலில் வந்தது ஜின்னுக்கே உரிய மணம் தரும் ஜூனிப்பர் காய், கூடவே ஆரஞ்சுத் தோல். நாக்கில் சோம்பின் இனிப்பு. குங்குமப்பூ எங்கே என்று கேட்கத் தோன்றியது. விழுங்கிய பிறகு வந்தது: அடிநாக்கில் லேசான கசப்பு, காய்ந்த வைக்கோலும் தேனும் சேர்ந்த அந்த மணம். இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஒரே குறை. ஆனால் ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூக்களைக் கையால் பறித்துச் சேர்க்கும் பொருள் இது. அள்ளிப் போட முடியாது என்பதும் புரிகிறது.

காலனிக் காலத்தில், இந்திய மணங்களை வைத்து எழுதிய பழைய செய்முறை இது என்கிறது நிறுவனம். நான் புதுச்சேரிக்காரி, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். குங்குமப்பூ எங்களுக்கும் காஷ்மீரிலிருந்து வந்து சேர்வதுதான். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது இதிலுள்ள தனியாவாலும் சோம்பாலும்.

இதற்கு முன் பாரிசில் ஒரு பாரில் இதே ஜின்னைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இனிப்பு டானிக்கை, அதாவது லேசாகக் கசக்கும் சோடாவை, கிளாஸ் விளிம்பு வரை ஊற்றி, எலுமிச்சையையும் பிழிந்து கொடுத்தார்கள். நிறம் மட்டும்தான் மிஞ்சியது. தயவுசெய்து அப்படிக் குடிக்காதீர்கள். ஒரு பங்கு ஜின்னுக்கு இரண்டு பங்கு டானிக் போதும், அதுவும் இனிப்பு குறைந்ததாக. பெரிய ஐஸ் கட்டி ஒன்று, எலுமிச்சைக்குப் பதில் ஒரு துண்டு ஆரஞ்சு. அப்புறம், நாலு தனியா விதையை விரலால் நசுக்கி மேலே போட்டுப் பாருங்கள். என் புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வரும்போது அவளுக்கும் இப்படித்தான் ஊற்றித் தரப் போகிறேன்.