பென்சதைன் பெனிசிலின் ஊசி: வலிக்கும், ஆனால் இதயத்தைக் காக்கும்

விலை குறைவு, வலி அதிகம். ஆனாலும் பிள்ளைகளை ருமாட்டிக் காய்ச்சலிலிருந்து காக்க இதைத்தான் முதலில் பரிந்துரைப்போம். மாத்திரை பாதியில் நின்றுபோகும். ஊசி போட்டால் போட்டதுதான்.

தொண்டைவலி தரும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுள்ள எம் புரதமும் இதயத் தசையிலுள்ள மயோசின் என்ற புரதமும் அமைப்பில் ஒத்திருக்கின்றன. அதனால் தொண்டைக் கிருமியை அழிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, இரண்டு மூன்று வாரத்தில் மூட்டையும் இதய வால்வையும் சேர்த்துத் தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வுக்கே பெரும்பாலும் அடி.

இந்தக் கிருமியால் வந்த தொண்டைவலி என்றால், தொடங்கிய 9 நாளுக்குள் ஒரே ஊசி போதும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்டாலோ 3 அல்லது 4 வாரத்துக்கு ஓர் ஊசி, குறைந்தது 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, எது நீளமோ அதுவரை. இதயம் பாதித்திருந்தால் இன்னும் நீளும். பரீட்சை, ஊர்ப்பயணம் என்று தவணையைத் தள்ளாதீர்கள். ரத்தத்தில் மருந்து குறைந்த அந்த இடைவெளியில்தான் காய்ச்சல் திரும்பும்.

பெரிய குறை, தூள் முழுதாகக் கரையாது; பால்போல் மிதக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், 21 அல்லது 23 கேஜ் (ஊசியின் தடிமன் எண்) வேண்டும். கலக்கியதும் தசையில் ஆழமாக, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெல்லச் செலுத்தினால் வலி குறையும். ரத்தக்குழாயில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.