ஐ-400ஆ, ஐ-401ஆ? கடலடிக் காட்சிக்கு எதை எடுத்தேன்

விமானம் சுமந்த ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் கிடக்கும் காட்சியை 1/350 அளவில் மாதிரியாகச் செய்ய வேண்டும் என்பது எனக்குப் பல நாள் ஆசை. 122 மீட்டர் கப்பல் இந்த அளவில் 35 சென்டிமீட்டர்தான், மேசையில் அடங்கிவிடும். எந்தக் கப்பலைச் செய்வது என்று முடிவு செய்யத்தான் ஒரு மாதம் ஆனது.

இந்த ரகத்தில் கட்டி முடித்தவை மூன்று: ஐ-400, ஐ-401, ஐ-402. ஐ-402ஐ எரிபொருள் சுமக்க மாற்றிவிட்டார்கள். விமானத்தோடு அது கடலுக்குப் போகவே இல்லை. அதனால் அதை முதலிலேயே கழித்துவிட்டேன். மற்ற இரண்டையும் அமெரிக்கர்கள் ஹவாய்க்குக் கொண்டுபோய், 1946 மே, ஜூன் மாதங்களில் ஓவாகு தீவுக்கு அப்பால் டார்பிடோ விட்டு மூழ்கடித்தார்கள். சோவியத் யூனியன் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம்.

புகழ் என்று பார்த்தால் ஐ-400தான். ரகத்தின் பெயரே அதுதான். 2013ல் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். ஆனால் விமானங்களை வைக்கும் ஹேங்கரும், மேலே எழும்பி நிற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் உடலைவிட்டுப் பிய்ந்து வேறிடத்தில் கிடந்தன. 2015ல்தான் அவை கிடைத்தன, கப்பலின் மணியும் கூடவே. அந்த மணியைச் செய்து வைக்க மனசு ரொம்பவே இழுத்தது.

இருந்தும் நான் எடுத்தது 2005ல் கிடைத்த ஐ-401ஐ. காரணம் ஒன்றே ஒன்று: கோபுரம். விமானம் சுமந்த கப்பல் என்று அடையாளம் காட்டுவதே நடுப்பகுதிதான். பக்கவாட்டில் ஒட்டிய இரண்டு குழாய் போன்ற உடல், மேலே 3.5 மீட்டர் விட்டமுள்ள ஹேங்கர். அதற்கு இடம்விட, கோபுரம் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் தள்ளி நிற்கும். இந்தக் கோணலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பெரிய நீர்மூழ்கிதான். ஐ-401ன் முன்பகுதி ஹேங்கருக்குச் சற்று முன்னால் ஒடிந்துபோயிருக்கிறது. ஆனால் உடல் நிமிர்ந்தே கிடக்கிறது. கோபுரத்தில் எண்ணைப் படிக்க முடிகிறது, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் அப்படியே இருக்கின்றன. அந்த எண்ணை எழுத மூன்று முடி உள்ள தூரிகையோடு இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒடிந்த இடத்தின் விளிம்பைப் படங்களைப் பார்த்துத்தான் செய்தேன். வண்டல் நிறமும் என் ஊகம்தான். ஆழத்தில் விளக்கொளி நிறத்தை மாற்றிக் காட்டும்.

அப்புறம் விமானங்கள். 1945 ஆகஸ்டில் சரணடைவதற்கு முன்பே இந்தக் கப்பல்கள் சுமந்த செய்ரான் ரக விமானங்களைக் கடலில் தள்ளிவிட்டார்கள். எனவே ஹேங்கரைக் காலியாகவே விட்டேன். உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே செய்ரான் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னிடம் இருக்கும் மூன்று குட்டி செய்ரான்கள், இறக்கை மடித்தபடி, இன்னும் பெட்டியில் இருக்கின்றன.