உண்ணி மருந்து என்று 6,400 ரூபாய் போச்சு: மாடு வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறும் முன் எழுதிவிடுகிறேன். அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள். சித்திரையில் உண்ணி ஏறிவிட்டது. காது மடலுக்குள், வாலடியில், மடி இடுக்கில், ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிக்கிடந்தன.

கைப்பேசியில் மாட்டு மருந்து விற்கும் ஒரு செயலி. அதில் பேசியவன் முதலில் விலையே சொல்லவில்லை. மாட்டுக்கு என்ன பேர் என்று கேட்டான். லட்சுமி என்றேன். "லட்சுமி எத்தனாவது ஈத்துக்கா?" என்றான். அங்கேதான் விழுந்தேன். மாடு கட்டிப் பால் கறந்தவன்தான் இப்படிக் கேட்பான் என்று நம்பிவிட்டேன். "முதுகுல ஒரு தடவை ஊத்துங்க, ஆறு மாசத்துக்கு உண்ணி அண்டாது. கொட்டகைக்கு ஒண்ணும் பண்ண வேணாம்." 6,400 ரூபாய். பால் சொசைட்டியில் வாங்கிய பணத்தை அப்படியே அனுப்பினேன்.

மருந்தை ஊற்றிய பன்னிரண்டாம் நாள் லட்சுமி தீவனத்தைத் தொடவில்லை. காய்ச்சல் 106 டிகிரி. தோளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைலேரியா. உண்ணி கடித்து வருவது. அன்றைக்கே பூபார்வகோன் ஊசி போட்டதால் உயிர் தப்பியது. ஒன்பது லிட்டர் கறந்த மாடு இப்போது இரண்டு கறக்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே உதிர்ந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடுமாம். கொட்டகையை விட்டுவிடச் சொன்னானே, பாவி!

அவனுக்குப் போன் போட்டேன். "மழையில நனையவிட்டீங்களா?" என்கிறான். சித்திரை மாசம், வேலூரில்! அடுத்த முறை, "புகார் பதிவாயிடுச்சு, மூணு நாள்ல கூப்பிடுவாங்க." நான்காம் நாள் என் எண்ணையே தடுத்துவிட்டான். புட்டியில் இருந்த தாளை நகத்தால் கீறினால், அடியில் இன்னொரு தாள். அதில் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. இதற்கா 6,400 ரூபாய்?

உண்ணியை எப்படி ஒழிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். டாக்டரைக் கேட்காமல் போனில் மருந்து வாங்காதீர்கள், 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். பில் இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். கொட்டகை விரிசலைப் பூசுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள். பொய்கைச் சந்தையில் மாடு பிடித்து வந்தால் தனியாகக் கட்டி, காதுக்குள் பாருங்கள். கழுத்தில் கட்டியும் காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாளைக் காலை தம்பி போனிலிருந்து அவனைக் கூப்பிடப்போகிறேன். 6,400 ரூபாயைக் கேட்காமல் விடமாட்டேன்.