ஒமிட்டா, நெக்லெக்ட்டா?

செய்யாமல் விட்டதை ஆங்கிலக் கடிதத்தில் எழுதும்போது இந்த இரண்டில் எதைப் போடுவது என்று பலரும் திணறுகிறார்கள்.

பொருள்:
ஒமிட் – விட்டுப்போனது, அல்லது வேண்டுமென்றே விட்டது.
நெக்லெக்ட் – செய்ய வேண்டியதைக் கவனிக்காமல் விட்டது.

பழி:
ஒமிட்டில் குறைவு. படிவத்தில் பின்கோடு விட்டுப்போவது ஒமிட்.
நெக்லெக்ட்டில் குற்றச்சாட்டே இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குச் சோறு போடாமல் விடுவது நெக்லெக்ட்.

ஒமிட் சாதுவான சொல் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்தில் ஒமிஷனுக்கு, அதாவது செய்யாமல் விட்டதற்கு, எடை அதிகம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 32-ஆம் பிரிவில், செயலைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டதையும் குறிக்கும் என்றது.

சரி, எதை எழுதலாம்? மேலாளரிடம் மன்னிப்புக் கேட்கும்போது ஒமிட். புகார் மனு உறைக்க வேண்டுமென்றால் நெக்லெக்ட்.