துணியில் வட்டாரத்தைத் தைக்கும் கிட்: மூன்று மாதம் தைத்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படத்தில் பார்ப்பது போல இது இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. எனக்கு மூன்று மாதம் ஆனது, அதுவும் பின் தையல் ஓரளவு நன்றாகவே வரும் எனக்கு.

நாம் ஒரு முகவரி கொடுத்தால் போதும், அதைச் சுற்றி 2 கிலோமீட்டர் சதுரத்துக்குள் இருக்கும் தெருக்களை 40 செ.மீ. லினன் துணியில் அச்சடித்து அனுப்புகிறார்கள். கூடவே அதே அளவில் ஆர்கன்சா துணி ஒன்று, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லியது, அதில் அதே இடத்தின் பழைய வரைபடம். கீழே இன்று, மேலே அன்று. இரண்டையும் தைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஃப்ரேம் போட்டால் எந்தத் தெரு காணாமல் போனது, எது புதிதாக முளைத்தது என்று பார்த்தவுடன் தெரியும். இந்த யோசனைக்காகத்தான் வாங்கினேன்.

தைக்க உட்கார்ந்த பிறகுதான் கணக்கு புரிந்தது. 1:5000 அளவு என்பதால் 3 மி.மீ. தையல் ஒன்று நிஜத்தில் 15 மீட்டர். ஒரு வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டு வாசல்வரை ஒரே குத்தில் போய்விடுகிறோம். ஆறு இழை நூலைப் பிரித்து இரண்டு இழையில் தைத்தால் சந்து சந்தாகவே தெரிகிறது, பெரிய சாலைக்குச் சங்கிலித் தையல் போட்டேன், அது எடுப்பாக வந்தது. நான் தினமும் நடக்கும் தெரு மொத்தமே இருபது தையல்தான் என்று எண்ணிப் பார்த்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஆர்கன்சாதான் படுத்தி எடுத்தது. நூலோட்டத்துக்கு நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி அனுப்பியிருந்தார்கள், வளையத்தில் இறுக்க இறுக்க இழுபட்டது. கடைசியில் மேல் துணி 2 மி.மீ. நகர்ந்து நின்றது, அதாவது 10 மீட்டர், பழைய தெரு பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிட்டது!

ஆனால் என் பெரிய குறை வேறு. ‘இன்று’ என்று அச்சடித்த துணியில் எந்த ஆண்டு என்ற விவரமே இல்லை. அதில் நீல நிறத்தில் காட்டியிருந்த குளத்தைத் தூர்த்து அடுக்குமாடி கட்டி ஆறு வருடம் ஆகிறது. நானும் ஏதோ ஞாபகத்தில் பாதிக் குளத்தைத் தைத்துவிட்டு அப்புறம்தான் நிமிர்ந்தேன். எழுதிக் கேட்டதற்கு, கிடைக்கிற வரைபடத்தைத்தான் அச்சடிக்க முடியும் என்று பதில் வந்தது. சரி, அது நியாயம்தான், ஆனால் ஆண்டை ஒரு மூலையில் போடலாமே? இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டி 1971 முதல் ஆப்கானியப் பெண்களைக் கொண்டு தைத்த உலக வரைபடங்களில் ஒவ்வொரு நாடும் அதன் கொடியின் நிறத்தில் இருக்கும், கொடி மாற மாற வரைபடமும் மாறியது, அதனால் கொடிகளை வைத்தே அது எந்தக் காலத்து உலகம் என்று ஊகித்துவிடலாம். தெருவுக்கு ஏது கொடி.

நீல நூலைப் பிரித்து எடுத்தேன். லினனில் ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே நின்றன, ஈரம் தொட்டு நகத்தால் நீவியும் முழுதாக மூடவில்லை, இரண்டு மூன்று இடத்தில் நீலப் பிசிறு வேறு. அதன்மேலேயே சாம்பல் நிறத்தில் அடுக்குமாடியைத் தைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் கட்டடத்துக்கு அடியில் குளத்தின் கரை தெரிகிறது. மொத்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், கிட்டுக்கு அதில் பங்கில்லை.

இன்னொன்று, வெறும் தெருக்கள் மட்டும் என்பது வறட்சியாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்ரீநகரை வரைபடமாகவே எம்பிராய்டரி செய்த காஷ்மீர் சால்வைகளில் தால் ஏரியின் படகுகூட உண்டு. நான் வெட்டப்பட்ட மரங்களுக்கு ஆர்கன்சாவில் குட்டி மணி போல நிற்கும் பிரெஞ்சு முடிச்சு போட்டுக்கொண்டேன்.

பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம், எந்த ஆண்டு வரைபடம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அச்சு மை தண்ணீரில் போகும் வகை, அலசுவதற்கு முன் இஸ்திரி போட்டால் கோடு அப்படியே பதிந்துவிடும். கறுப்பு நூல் தனியாக இரண்டு கண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கிட்டில் வருவது பெரிய சாலைக்கே பத்தாது.